கேமராவில் தாராளம், லென்ஸில் சிக்கனம்: புதிதாக வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்படக் கலையில் ஆர்வம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘எந்தக் கேமரா நல்லது?’ என்பதுதான். பெயர் பெற்ற கம்பெனிகளின் கேமராக்களில் மோசமானது என்று இன்று எதையும் ஒதுக்க முடியாது. அதனால் அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு. எதைப் படம் எடுக்கப் போகிறேன்? அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பேன்? அங்கே வெளிச்சம் எப்படி இருக்கும்? இவற்றுக்கு விடை தெரிந்தால் எந்த லென்ஸ் வேண்டும் என்பது தெரிந்துவிடும். லென்ஸ் முடிவானபின் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எளிது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணத்தில் முக்கால் பங்கைக் கேமராவில் கொட்டிவிட்டு, லென்ஸ் என்றதும் யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுபோல யோசிக்கிறார்கள்.

சென்னைக்குள்ளேயே பாருங்கள். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்தைப் படம் எடுப்பவர், கூடைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். அவருக்கு அகலக் கோணம் வேண்டும். பள்ளிக்கரணையில் சாலையோரம் நிற்பவருக்கும் பறவைக்கும் நடுவே நாற்பது, ஐம்பது மீட்டர் தண்ணீர் கிடக்கிறது. சபாவில் அனுமதி பெற்று நாட்டியம் எடுப்பவருக்கு வெளிச்சமும் குறைவு, நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் போகவும் முடியாது. இந்த மூவருக்கும் ஒரே கேமரா போதும். ஒரே லென்ஸ் போதாது.

சபாவையே எடுத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸை 55 வரை நீட்டினால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. (மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்.) எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்று ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர் அளவை 6400 வைக்க வேண்டிய இடத்தில் இதில் 640-ஐ ஒட்டி வைத்தாலே படம் கிடைத்துவிடும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலுக்கும் வழுவழுப்பான தோல் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

‘என் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது. ஜதிக்கு ஏற்பக் கை வீசும் வேகத்தை உறையவைக்க 1/250 நொடி ஷட்டர் வேகமாவது வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்குத் திறந்த துளை வேண்டும். மேடையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் நடுத்தர அளவு சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) கொண்ட கேமராவில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டி நெடுவாக்கில் பிடித்தால் சுமார் 2.8 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வரும். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் விரல் நுனி வெட்டுப்படாது. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இருப்பது கச்சேரிக்கு வசதிதான். ஆனால் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அதனால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். முதல் சில படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமரா மோகத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி. சுமார் 23.5க்கு 15.6. பரப்பளவில் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல். அதாவது ஒரு பெரிய தொகையைச் செலவழித்துப் பெரிய சென்சாருக்குப் போனால் கிடைக்கும் ஆதாயம் அவ்வளவுதான். கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் கிடைப்பது அதைப்போல நான்கு மடங்கு. ஃபுல் ஃப்ரேமுக்கான லென்ஸ்கள் எடையும் கூடுதல், விலையும் கூடுதல். திருமணப் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவருக்கு அது முதலீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேமராவைத் தொடுகிறவருக்கு அது தோள் வலி. மெகாபிக்சல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளிகள். 12க்கு 18 அங்குலத்தில் நன்றாக அச்சிட 20 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே போதும்.

‘முதலில் ஒரு 50 மி.மீ. வாங்கு’ என்பது புதியவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை. விலை குறைவு, எஃப் 1.8, படம் கூர்மை, எல்லாம் உண்மை. ஆனால் இந்த அறிவுரை ஃபிலிம் காலத்து 35 மி.மீ. கேமராக்களிலிருந்து வந்தது. ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் அதே லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போலக் குறுகலாகப் பார்க்கும். நவராத்திரிக்கு அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கொலுவைப் படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சுவரில் முதுகு ஒட்ட நின்றால் கொலுவுக்கும் உங்களுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி இருக்கும். அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸுக்குள் அடங்குவது 1.4 மீட்டர் அகலம் மட்டுமே. ஓரத்து மரப்பாச்சியும் செட்டியார் கடையும் வெளியே நின்றுவிடும். 35 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டரை அடக்கும். சென்னை வீடுகளின் அளவுக்கு ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் முதல் ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) 35 ஆக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. எஃப் 1.8 இருக்கிறது என்பதற்காக எப்போதும் அதிலேயே எடுக்கக் கூடாது. அதே மூன்று மீட்டரில், அதே 35 மி.மீ. லென்ஸில், எஃப் 1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் அரை மீட்டர். கொலுவில் இரண்டு படி. மேல் படியில் இருக்கும் கலசம் மங்கிவிடும். எஃப் 8-க்குப் போனால் ஆழம் இரண்டு மீட்டரைத் தாண்டும், ஏழு படியும் தெளிவாக வரும். வெளிச்சம் குறையும்போது முக்காலியில் வைத்து மெதுவான ஷட்டரில் எடுங்கள். பொம்மைகள் அசையப் போவதில்லை.

அடுத்தது, ஜூம் மடங்குக் கணக்கு. ‘83 எக்ஸ் சார், நிலாவே பக்கத்தில் வந்துவிடும்’ என்று கடையில் சொல்லும்போது மனம் அங்கேயே போய்விடுகிறது. இந்த மடங்கு என்பது லென்ஸின் நீண்ட எண்ணைக் குறுகிய எண்ணால் வகுத்தது, அவ்வளவே. 18–55 மூன்று மடங்கு. 70–200 மூன்று மடங்குக்கும் குறைவு. ஆனால் எது தொலைவை எட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிக்கான் பி900 போன்ற கேமராக்கள் 2000 மி.மீ.க்கு இணையான தொலைவை எட்டுவது மெய்தான். அதற்கு அவை கொடுக்கும் விலை சென்சார்: ஏ.பி.எஸ்.-சி. பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு. நல்ல வெயிலில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்து அடையாளம் காண அது அருமையான கருவி. மாலை மங்கிய பின்னும் கோயில் பிராகாரத்திலும் அது திணறும். இரண்டையும் ஒரே கேமராவில் எதிர்பார்த்து வாங்குவதுதான் தவறு.

பறவைப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடட்டும். பள்ளிக்கரணையில் அடிக்கடி கண்ணில் படும் நீலத் தாழைக்கோழி ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள பறவை, சுமார் 45 செ.மீ. நாற்பது மீட்டர் தூரத்தில் அது நிற்க, 250 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சென்சார் மேல் அதன் உருவம் 2.8 மி.மீ. மட்டுமே. 15.6 மி.மீ. உயரமுள்ள சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 400 மி.மீ.க்குப் போனாலும் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. உடனே 150–600 வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த லென்ஸ்கள் இரண்டு கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அரை நாள் நடக்க முடியுமா என்று தெரியாமல் பெரும் பணத்தைப் போடாதீர்கள். சென்னையில் லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பாருங்கள். கூடவே இன்னொன்றும் புரியும்: வெயில் ஏறியபின் தண்ணீர் மேலும் தார்ச்சாலை மேலும் காற்று கானலாக அலையும்போது, எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் தூரத்துப் பறவையைக் கூர்மையாக எடுக்காது. அதற்கு மருந்து அதிகாலையில் போவதும், பொறுமையாகக் காத்திருந்து கிட்டத்தில் எடுப்பதும்தான்.

பணம் உண்மையிலேயே வீணாகும் இடம் மவுன்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பொருந்தும் இணைப்பு. பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, வளையமும் பொருந்துகிறது என்று வாங்கிவிடுவார்கள். நிக்கானின் ஏ.எஃப். 50 மி.மீ. 1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3500, டி5600 போன்ற தொடக்க நிலைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் மாட்டும், படமும் விழும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. அவற்றுக்கு ஏ.எஃப்.-எஸ். என்றோ ஏ.எஃப்.-பி. என்றோ எழுதியிருக்க வேண்டும். மிரர்லெஸ் நிக்கானில் பழைய லென்ஸ்களை மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டர் வாங்கினாலும் இந்த மோட்டார் இல்லாத லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸ் செய்யா.

கேனானில் கதை வேறு. 1987 முதல் வந்த இ.எஃப். லென்ஸ்கள், அடாப்டர் மூலம் இன்றைய ஆர்.எஃப். மவுன்ட் கேமராக்களில் நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் முந்தைய மிரர்லெஸ் கேமராக்களுக்கான இ.எஃப்.-எம். வரிசையை அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது, அந்த லென்ஸ்களை ஆர்.எஃப். கேமராவில் மாட்ட வழியில்லை. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. கேனானும் நிக்கானும் 2020க்குப் பின் புதிய டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) மாடல் எதையும் வெளியிடவில்லை. அதனால் டி.எஸ்.எல்.ஆர். செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். குறைந்த பணத்தில் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்குப் பழைய டி.எஸ்.எல்.ஆரும் ஒரு நல்ல லென்ஸும் இன்றும் சிறந்த வழி. நாலைந்து லென்ஸ் சேர்க்கத் திட்டமிடுபவர் மட்டும் மிரர்லெஸ் மவுன்டிலேயே தொடங்கட்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது இரண்டு நிமிடம் செலவழியுங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி தெரிந்தால் கவலையில்லை. சிலந்தி வலை போல இழை இழையாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. கண்ணாடி மேலுள்ள பூச்சை அது அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் உள்ளே கடற்கரை மணல் போயிருக்கக்கூடும். புதிதாக வாங்கினால், ரிச்சி தெருவாக இருந்தாலும் இணையக் கடையாக இருந்தாலும், சீரியல் எண் எழுதிய பில்லும் இந்திய வாரன்டியும் கேட்டு வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு என்று சில ஆயிரம் குறைத்துத் தருவதில் இவை இரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

வாங்கிய பிறகு சென்னையில் லென்ஸின் முதல் எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பையிலேயே கிடக்கும் லென்ஸ், அடுத்த வெயில் காலத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடலாம். தோல் உறையிலும் துணிப் பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பீரோவில் துணிகளோடு வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அந்துருண்டையும் கற்பூரமும் இருக்கும் இடத்தில் கேமராவை வைக்கக் கூடாது என்று கேமராவோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) வாங்க முடிந்தால் நல்லது. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரமானி ஒன்று, நிறம் மாறும் சிலிகா ஜெல் போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்றவோ வறுத்துக் காயவைக்கவோ வேண்டும். போட்டுவிட்டு மறந்துவிட்டால் பயனில்லை.

மெரினாவில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புக் காற்றும் மணலும் நேரே சென்சாருக்குப் போகும். அலையோரம் நிற்கும்போது நல்ல ஃபில்டர் ஒன்று முன் கண்ணாடியைக் காக்கும். மலிவான ஃபில்டரை இரவிலும் விட்டுவைத்தால் தெருவிளக்குகள் படத்தில் பேய் போல இரட்டிப்பாகத் தெரியும். அப்போது கழற்றிவிட்டு ஹுட்டை (லென்ஸின் முன் மாட்டும் மறைப்பு) மட்டும் மாட்டுங்கள். ஏ.சி. காரிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் நொடியில் பனி படியும். கிளம்பும்போதே அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடுங்கள். போய்ச் சேர்ந்தபின் அரை மணி நேரம் உறையோடு வெளிக்காற்றில் இருக்கட்டும். அப்படியும் பனி படிந்தால் துணியால் தேய்க்காமல், லென்ஸைக் கழற்றாமல், தானாகக் காயும்வரை காத்திருங்கள்.