கேஸ் டிடெக்டரை ஜீரோ செய்யும்போது நடக்கும் தவறுகள்

ஊரில் டிப்ளமா முடித்துவிட்டு மும்பையை ஒட்டிய தலோஜா, அம்பர்நாத் பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்கு வரும் தம்பிகளிடம் முதல் வாரமே ஒன்று கேட்பேன். "கேஸ் டிடெக்டர் 4 பிபிஎம் காட்டுது. என்ன செய்வே?" (பிபிஎம் என்றால் காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு எத்தனை பங்கு என்ற கணக்கு.) பெரும்பாலும் வரும் பதில், "ஜீரோ பண்ணிடுவேன் அண்ணே." அதாவது, இப்போது இருக்கும் காற்றில் வாயுவே இல்லை என்று கருவியில் பதிந்து, எண்ணை ஜீரோவுக்குக் கொண்டுவருவது.

நானும் அதைத்தான் செய்தேன். கழிவுநீர்த் தொட்டி ஓரம் இருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு டிடெக்டர் அது. காலையில் 4 காட்டியது, ஜீரோ செய்துவிட்டுப் போனேன். மதியம் காற்று திசை மாறியதும் மைனஸில் இறங்கி ஃபால்ட் விளக்கு எரிந்தது. சென்சார் போய்விட்டது என்று நினைத்தேன். சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தக் காத்துல ஜீரோ பண்ணே?"

காலையில் அங்கே நிஜமாகவே 4 பிபிஎம் வாயு இருந்திருக்கிறது. அதைச் சுத்தமான காற்று என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். 10 பிபிஎம்மில் அடிக்க வேண்டிய அலாரம் அதற்குப் பிறகு 14 வந்தால்தான் அடிக்கும். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் இருக்க முடியாது. 100 பிபிஎம் அளவில் மூக்கே மரத்துப்போகும்.

அதனால் எண் ஜீரோவில் நிற்கவில்லை என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். கையடக்க மீட்டரால் இடத்தைச் சோதித்துவிட்டு, ஜீரோ ஏர் சிலிண்டரில் இருக்கும் சுத்தமான காற்றை, சென்சார் முகப்பில் மாட்டும் கேலிபரேஷன் கப் வழியாகக் கொடுங்கள். எண் அசையாமல் நின்ற பிறகுதான் ஜீரோ.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நைட்ரஜனை எடுப்பவர்கள் உண்டு. எரிவாயுவுக்கான கேட்டலிட்டிக் சென்சார் வேலை செய்யவே ஆக்ஸிஜன் வேண்டும், அங்கே அது சரிவராது. கார்பன் டை ஆக்ஸைடு டிடெக்டருக்கோ நைட்ரஜன்தான் சரி; வெளிக்காற்றிலேயே அந்த வாயு 400 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறதே. ஆக்ஸிஜன் டிடெக்டர் திறந்த வெளியில் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். அந்தக் காற்றில் நின்று ஜீரோவை அழுத்தாதீர்கள்.

அடுத்தது அவசரம். பவர் கொடுத்த ஒரு நிமிடத்தில் டிஸ்ப்ளே வந்துவிடும், ஆனால் சென்சார் நிலைக்கு வந்திருக்காது. சில வகைகளுக்குச் சில நிமிடம் போதும், சில எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். மேனுவலில் போட்டிருக்கும் நேரம் காத்திருங்கள். மும்பை மழைக்காலத்தில் சென்சார் முகப்பில் நீர் கோத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பவர் இருக்கும்போது ஃபிளேம்ப்ரூஃப் மூடியை (உள்ளே வரும் தீ வெளியே பரவாமல் தடுக்கும் மூடி) கழற்றவே கூடாது. மூடியைத் திறக்காமலே கருவியை இயக்கக் காந்தக் கோலோ ரிமோட்டோ கொடுத்திருப்பதே அதற்காகத்தான். கேட்டலிட்டிக் சென்சார் பக்கத்தில் சிலிக்கோன் ஸ்பிரேயும் அடிக்காதீர்கள், சென்சார் செத்துவிடும். வெளியே பார்த்தால் நன்றாக இருப்பது போலவே ஜீரோ காட்டிக்கொண்டிருக்கும், வாயு வந்தாலும் அசையாது. அதனால்தான் ஜீரோ முடிந்ததும் டெஸ்ட் கேஸ் கொடுத்து எண் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

அப்புறம் இன்ஹிபிட், அதாவது வேலை முடியும்வரை அந்த டிடெக்டரின் சிக்னலால் பிளான்ட் எதுவும் செய்யாமல் தடுத்து வைப்பது. தொடங்கும் முன் கன்ட்ரோல் ரூமில் சொல்லி அதைப் போடாவிட்டால் டெஸ்ட் கேஸுக்கே பிளான்ட் டிரிப் ஆகி நின்றுவிடலாம். முடித்துவிட்டு எடுக்க மறந்தால் அதைவிட மோசம், நிஜக் கசிவுக்கும் எதுவும் நடக்காது. லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, டிடெக்டரின் டேக் எண்ணை (அடையாள எண்) சொல்லி, இன்ஹிபிட் எடுத்தாயிற்றா என்று ஆபரேட்டர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.