அம்மோனைட் தேடும் முறை: கண் முதலில், சுத்தியல் கடைசியில்

அம்மோனைட், கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான கடல் உயிரி. சுருண்ட ஓட்டைச் சுமந்தபடி பழங்காலக் கடல்களில் வாழ்ந்தது. இந்தக் குலம் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்துவைத்த பேரழிவோடு இதுவும் மறைந்தது. இதன் புதைபடிவங்களை நாமே தேடி எடுக்கலாம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சுத்தியலைத்தான் வாங்குகிறார்கள். தொடக்க நாட்களில் அதை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம் என்பேன். பாறையை உடைக்கும் வேலையை மழையும் அலையும் ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. நமக்கு வேண்டியது பழகிய கண்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓட்டின் உட்புறம் தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாய்ப்பக்கம் இருந்த கடைசி அறையில் உயிரி வாழ்ந்தது. மற்ற அறைகளில் இருந்த வாயு அதை மிதக்க வைத்தது. இறந்தபின் ஓடு கடலடிச் சேற்றில் விழுந்து புதைந்தது. உள்ளே நிறைந்த சேறு கல்லாக இறுகியது. ஓடு பல நேரம் கரைந்தே போய்விட்டது. அதனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஓடு அல்ல, அதன் உள்வார்ப்பு.

அந்த உள்வார்ப்பில்தான் மிக அழகான அடையாளம் இருக்கிறது. தடுப்புச் சுவர் ஓட்டைத் தொட்ட இடமெல்லாம், பெரணி இலை விளிம்பைப் போல, கிளைக்குள் கிளையாக மடிந்த கோடு தெரியும். டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலப் பாறையில் கிடைத்த சுருளில் அந்தக் கோட்டைக் கண்டால் அது அம்மோனைட்தான். சுருண்ட ஓடுள்ள மற்றொரு கடல் உயிரியான நாட்டிலஸில் இதே கோடு எளிய வளைவாக மட்டும் ஓடும். நத்தையைப் பிரித்தறிவது இன்னும் சுலபம். பெரும்பாலான நத்தைகளின் சுருள் கோபுரமாக உயரும், அம்மோனைட்டின் சுருள் பொதுவாக ஒரே தளத்தில் அடங்கும். விதிவிலக்குகளும் உண்டு. பாக்குலைட்டஸ் நேராக நீண்டிருக்கும். ஜப்பானில் கிடைக்கும் நிப்போனைட்டஸ் முடிச்சுப் போட்ட கயிறாகவே தோன்றும்.

சில இடங்களில் புதைபடிவம் பைரைட் எனும் பொன்னிற இரும்புக் கனிமமாக மாறியிருக்கும், சில இடங்களில் களிப்பாறைத் தகட்டில் நசுங்கிய அச்சாக மட்டும் இருக்கும். அச்சுதானே என்று தூக்கி எறியாதீர்கள். ஓட்டின் வெளிப்புற வரிகள் அதில்தான் துல்லியமாகப் பதிந்திருக்கும்.

படி 2: பாறையின் வயதைப் பாருங்கள்

நிலவியல் வரைபடத்தில் ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலக் கடல் படிவுகளைத் தேடுங்கள். சுண்ணாம்புக்கல், களிப்பாறை, சீமைச் சுண்ணாம்பு (சாக்) ஆகியவை நல்ல அறிகுறிகள். கிரானைட்டில் எத்தனை நாள் தேடினாலும் பயனில்லை. கடல் இப்போது எங்கே இருக்கிறது என்பதும் பொருட்டல்ல. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பல, ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளே. அந்தக் கடலடிதான் இமயமாக உயர்ந்தது.

படி 3: அனுமதி

இதைத் தவிர்க்கவே முடியாது. நில உரிமையாளரிடம் கேளுங்கள், அந்த நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் புதைபடிவங்கள் மாகாணத்துக்குச் சொந்தம், அனுமதியின்றி வெளியே கொண்டுபோக முடியாது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ், சார்மத் கரைகளில் தளர்ந்து விழுந்து கிடப்பதை எடுக்கலாம், ஆனால் செங்குத்துப் பாறைமுகத்தை அனுமதியின்றித் தோண்டக்கூடாது. அப்படித் தோண்டுவது சட்டத்துக்குப் புறம்பு என்பதோடு, உயிருக்கும் ஆபத்து.

படி 4: நேரம்

கடலோரம் என்றால் புயலோ கனமழையோ ஓய்ந்து, கடல் அமைதியான பிறகு போங்கள். புதிய சரிவுகள் புதிய கற்களைக் கொண்டுவந்திருக்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரையில் இறங்குங்கள், ஏறத் தொடங்கும்முன் திரும்பிவிடுங்கள். செங்குத்துப் பாறையின் அடியில் நிற்காதீர்கள். ஹெல்மெட் அணிந்தாலும் நிற்காதீர்கள்.

படி 5: பார்க்கும் முறை

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, குனிந்து, மெல்ல நகருங்கள். முழுச் சுருளைத் தேடாதீர்கள், ஒழுங்கைத் தேடுங்கள். உடைந்த கல்லின் விளிம்பில் சம இடைவெளியில் நான்கைந்து வரிகள் தெரிந்தால் போதும், அது எதேச்சையாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. சூரியன் சாய்ந்திருக்கும் காலையும் மாலையும் இதற்கு ஏற்றவை, மேடு பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். கூழாங்கற்களுக்கு இடையில் பைரைட் அம்மோனைட்டுகள் எடை மிகுந்தவை என்பதால், கனமான மற்றத் துணுக்குகளோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடக்கும். அத்தகைய இடம் ஒன்று கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

படி 6: இப்போது சுத்தியல்

நிலவியலாளர் சுத்தியலே வேண்டும். தச்சுச் சுத்தியலின் முனை பாறையில் பட்டுத் தெறிக்கலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் ஓர் அடிகூட வேண்டாம். இங்கிலாந்தின் விட்பி போன்ற இடங்களில் அம்மோனைட் உருண்டைக் கற்களுக்குள் இருக்கும். எல்லா உருண்டையையும் உடைக்காமல், விளிம்பில் வரி எட்டிப் பார்ப்பதை மட்டும் எடுங்கள். ஓடு படுத்த நிலையில் புதைந்திருப்பதால் கல்லும் அந்தத் தளத்தில்தான் பிளக்க விரும்பும். விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள், நடுவில் ஓங்கி அடித்தால் எல்லாம் நொறுங்கும். பிளந்த இரு பாதிகளையும் பத்திரப்படுத்துங்கள்.

படி 7: எடுத்த இடத்திலேயே எழுதுங்கள்

தேதி, இடம், எந்தப் படுகையிலிருந்து (பாறை அடுக்கிலிருந்து) வந்தது, தளர்ந்து கிடந்ததா படுகையிலேயே இருந்ததா என்று எழுதி, எண்ணிட்டு, காகிதத்தில் சுற்றி வையுங்கள். 1850களில் ஜெர்மானியரான ஆல்பர்ட் ஓப்பல், எந்தப் படுகையில் எந்த அம்மோனைட் என்று கவனித்தே ஜுராசிக் பாறைகளைக் கால மண்டலங்களாகப் பிரித்தார். இனங்கள் விரைவாகத் தோன்றி மறைந்ததால் அது சாத்தியமானது. படுகைக் குறிப்பு இல்லாத அம்மோனைட் அழகான கல்தான், ஆனால் அது எந்தக் கேள்விக்கும் உறுதியாகப் பதில் சொல்லாது.

படி 8: தூய்மை

மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் பெரும்பாலானவற்றுக்குப் போதும். சுண்ணாம்புக்கல்லை வினிகரில் போடாதீர்கள், பாறையோடு புதைபடிவமும் கரையும். பைரைட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். கடற்கரையில் கிடைத்ததாக இருந்தால் உப்பு நீங்கும்வரை நன்னீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, முற்றிலும் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஈரக் காற்றில் பைரைட் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். வெண்பொடி பூத்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

படி 9: பெயர் காணுதல்

விட்டத்தை அளவிடுங்கள். வரிகள் தனித்தனியா, கிளை பிரிகின்றனவா? வெளிவிளிம்பில் முகடு ஓடுகிறதா? நடுக்குழி அகலமா, குறுகலா? இவற்றோடு படுகையின் வயதும் தெரிந்தால் பேரினம் வரை பெரும்பாலும் போய்விடலாம். ஒரே படுகையில் பெரியதும் சிறியதுமாக இரு வடிவங்கள் கிடைத்தால் இரண்டு இனம் என்று அவசரப்பட வேண்டாம். அவை ஒரே இனத்தின் பெண்ணும் ஆணுமாக இருக்கலாம், பெரியது பெண் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள்.

உயிரி வாழ்ந்த கடைசி அறைக்குள் இரு தகடுகளாகத் தாடைப் பகுதி தெரிந்தால் மேற்கொண்டு சுரண்டாதீர்கள். அது அரிது. சுற்றியுள்ள பாறையோடு அப்படியே அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் காட்டுங்கள், படுகைக் குறிப்பையும் உடன் கொடுங்கள்.