பிரான்சில் தொழிலுக்கு வேன் வாங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து பிரான்சுக்கு வந்து, சொந்தமாக வேன் ஓட்டிப் பிழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீவுக்கு முத்தியால்பேட்டை வந்திருக்கிறேன். கிளம்பத் தயாராக இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கே தேடி வருகிறார்கள். விசா, வீடு, வேலை என்று கேட்கிறார்கள். வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

பேப்பர் வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். தொழில் பதிவு, அதற்குத் தரும் சிரே என்ற பதிவு நம்பர், இன்சூரன்ஸ், வண்டியின் கார்த் கிரீஸ் (நம் ஊர் ஆர்.சி. மாதிரி) எல்லாம் ஆன்லைனிலேயே முடியும். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதானால், மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வேனுக்கும் போக்குவரத்துத் தகுதிச் சான்று தேவை. அதை வாங்கிவிட்டு வண்டி பாருங்கள். இவ்வளவையும் அங்கே உள்ள நம்மவர்களே சொல்லித் தருவார்கள்.

அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. என் சிநேகிதர் கடலூர் ஓ.டி.காரர், பாரிஸ் புறநகரான லா கூர்நேவ் பக்கம் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறார். கடன் வாங்கிப் புது டீசல் வேன் எடுத்தார். சில மாதத்திலேயே டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஆட்புளூ கோளாறு, அதாவது டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் திரவத்தின் அமைப்பில் பழுது. விளக்கோடு ஒரு எண்ணும் வரும்: இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான், அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஓட்ட ஓட்ட அந்த எண் இறங்கிக்கொண்டே போகும். ஷோரூமில் கம்ப்யூட்டரைச் செருகி, விளக்கை அணைத்து, சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுப்பார்கள். சில வாரத்தில் மறுபடியும் அதே விளக்கு. விடியற்காலையில் பாரிஸ் பக்கத்து ரன்ஜிஸ் மொத்த மார்க்கெட்டில் நிற்க வேண்டிய மனுஷர், வாடகை வேனுக்குக் கைக்காசைக் கொட்டினார்.

பிரெஞ்சு நுகர்வோர் சட்டம் நல்ல சட்டம்தான். புதுப் பொருளில் 2 ஆண்டுக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். 30 நாளுக்குள் பழுது பார்த்துத் தராவிட்டால் விலையைக் குறைக்கவோ, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கவோ வழி உண்டு. இதை நம்பி அவர் கடிதம் போட்டார். வந்த பதில்: நீங்கள் தொழிலுக்கு வாங்கியவர், நுகர்வோர் அல்ல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சட்டப்படி அது சரி. நம் ஊரில் குட்டியானை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். சுயதொழிலால் வாழ்க்கை நடத்த வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று ஒதுக்கக் கூடாது என நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சொந்தமாக ஓட்ட ஆட்டோ வாங்குபவரை உச்ச நீதிமன்றம் 1995லேயே உதாரணம் காட்டியிருக்கிறது. புதுச்சேரியில் வாங்கிய வண்டிக்குக் கடலூர்க்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இதில் நம் சட்டத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

பிரான்சில் அந்த நிழல் இல்லை. கம்பெனி பேரில் வாங்காமல் சொந்தப் பேரில் வாங்கினால் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். என்ன வேலைக்காக வாங்கினீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். கணக்காளர் சொல்வது போல 20 சதவீத வரியைத் திரும்பப் பெறக் கம்பெனி பேரில் வாங்குவது தப்பில்லை, ஆனால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, கம்பெனி தரும் வாரண்டி. அதில் எழுதியிருப்பதுதான் கிடைக்கும். வண்டி கராஜில் நிற்கும் நாளுக்கு மாற்று வேன் உண்டா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு, மறைந்திருந்த குறைக்கானது. இது தொழில்காரருக்கும் பொருந்தும். ஆனால் வாங்கும்போதே குறை இருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், குறையைக் கண்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சிநேகிதர் இங்கேதான் மாட்டிக்கொண்டார். ஷோரூமுக்கு அலைவதால் அந்தக் கெடு நிற்காது. "அடுத்த மாதம் பார்க்கலாம் முசியே" என்று அவர்கள் சிரித்துச் சொல்லும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் முதல் தடவை விளக்கு எரிந்ததுமே பழுதுச் சீட்டு கேளுங்கள். உங்கள் புகார், கிலோமீட்டர், வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிநேகிதரிடம் பாதித் தடவைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டாம் தடவை வந்தால், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. வண்டி இன்சூரன்ஸில் சட்ட உதவிப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிபுணர், வக்கீல் செலவை, பாலிசியில் எழுதியிருக்கும் வரம்பு வரை அது ஏற்கும். நிபுணர் வண்டியைச் சோதிக்கும் நாளில் விற்றவரையும் எழுத்தில் அழைத்துவிடுங்கள். அப்படி அழைத்தாலும், ஒரு தரப்பு ஏற்பாடு செய்த அறிக்கையை மட்டும் வைத்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாது; பழுதுச் சீட்டு போன்ற மற்ற ஆதாரமும் வேண்டும்.

வேன் பார்க்கப் போகும்போது பிரெஞ்சு நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. கையெழுத்துக்கு முன்னால் வாரண்டித் தாளை அவர் முழுசாகப் படிக்கட்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.