ஊட்டிக்குக் கிளம்பும் முன்: சென்னைக் காரில் ஹீட்டர் சுடாமல் போவது ஏன், வீட்டிலேயே எப்படிச் சரிசெய்வது

போன ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்கு வியாசர்பாடியிலிருந்து ஊட்டிக்குக் காரில் போனோம். உறைபனி பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டாள், அதனால் விடியற்காலை ஐந்தரை மணிக்கே தலைக்குந்தா பக்கம் கிளம்பிவிட்டோம். ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பியும் காற்று வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. பின்சீட்டில் அம்மா இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டும் நடுங்கினார், முழங்கால் வலி வேறு. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த முறை இப்படி நடக்கக் கூடாது என்று. ஊர் திரும்பி மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்காகச் செலவழித்தேன். அதில் இரண்டு வீண். உங்களுக்கு ஒரு ஞாயிறு போதும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காரில் ஹீட்டருக்கென்று தனியாகச் சூடேற்றும் கம்பி எதுவும் கிடையாது (பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களைச் சொல்கிறேன்). இன்ஜினின் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றி வரும் கூலண்ட் என்ற திரவத்தில் கொஞ்சம் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகும். அதன் பெயர் ஹீட்டர் கோர். புளோயர் என்ற விசிறி அதன் மேல் ஊதுவதுதான் நமக்குச் சூடான காற்று. ஆக, கூலண்ட் சூடாக இருக்க வேண்டும், அது கோர் வரைக்கும் போக வேண்டும், காற்று கோர் மேல் பட வேண்டும். இந்த மூன்றில் எது அறுந்தாலும் ஹீட்டர் படுத்துவிடும்.

நம் ஊர்க் கார்களில் இந்த மூன்றில் முதல் இரண்டையும் கெடுப்பது நம் ஊர்ப் பழக்கங்கள்தான். ஒன்று, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கெட்டிலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. இன்னொன்று, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவது. என் கார் நான்கு வருடத்துக்கு முன் ஒருமுறை சூடேறி நின்றபோது பார்த்த மெக்கானிக், "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்குண்ணே, கழட்டிட்டா இன்ஜின் கூலா ஓடும்" என்றார். நானும் சரி என்றேன். அப்போது உண்மையில் கெட்டிருந்தது ரேடியேட்டர் ஃபேன்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடி நின்று, கூலண்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் இன்ஜினுக்குள்ளேயும் ஹீட்டர் கோர் வழியாகவும் சுற்றவிடும். பல பெட்ரோல் கார்களில் 82லிருந்து 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாம் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துவிடும். சென்னை வெயிலிலும் நெரிசலிலும் இது வெளியே தெரியாது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். மலையில் மூன்று நான்கு டிகிரிக் குளிரில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்கும்போதுதான் தெரியும். என் காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருந்தால் எரியும் நீல விளக்கு மட்டும்தான். அன்றைக்கு இறக்கத்தில் போகும்போது அணைந்திருந்த நீல விளக்கு மறுபடி எரிந்தது. அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் பார்க்க வேண்டியவை

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, அதாவது காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். டப்பாவில் இருந்தும் ரேடியேட்டரில் குறைவாக இருக்கலாம். கூலண்ட் குறைந்தால் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது ஹீட்டர்தான். பல கார்களில் கோர் உயரமான இடத்தில் இருப்பதால் காற்று அங்கே போய் அடைந்துகொள்ளும். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் சூடு, விட்டால் குளிர் என்றால் அநேகமாக இதுதான்.

அடிக்கடி கூலண்ட் குறைந்துகொண்டே இருந்தால் அது எங்கோ போகிறது என்று அர்த்தம். முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக இருக்கிறதா, உள்ளே இனிப்பான ஒரு வாடை அடிக்கிறதா, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு படர்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதற்கு டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கலாம், புதியவர்கள் கை வைக்க வேண்டாம்.

காற்றே குறைவாக வந்தால் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். மணலி, எண்ணூர்ச் சாலையில் தினமும் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவர்களின் ஃபில்டர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் தடுமாறிய இடம்: குழாய்களைத் தொட்டுப் பார்ப்பது

எங்கே பார்த்தாலும் சொல்லும் சோதனை இது. இன்ஜின் சூடான பின் டாஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது சில கார்களில் வழியில் இருக்கும் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டும் நல்ல சூடு, ஆனாலும் காற்று குளிர் என்றால் டாஷ்போர்டுக்குள் சூடு-குளிர் மாற்றும் தகடு திரும்பவில்லை, குமிழின் கேபிள் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கலாம். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட்.

சரியான சோதனைதான். ஆனால் நான் அதைச் சென்னையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மூலக்கடை சிக்னலில் நின்று நின்று வந்த பிறகு செய்தேன். இரண்டு குழாயும் கொதித்தன. கூலண்ட் நன்றாகவே சூடேறுகிறது, கோரில்தான் ஏதோ பாதி அடைப்பு என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிறு முழுக்கக் கோரைக் கழுவினேன். செம்மண் குழம்பு மாதிரித் தண்ணீர் வந்தது, திருப்தியாகவும் இருந்தது, ஆனால் ஹீட்டர் அப்படியேதான் இருந்தது.

நம் ஊரில் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டிய நேரம் விடியற்காலை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த குழாயின் மேல் கை வைத்துக்கொண்டு நில்லுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் அந்தக் குழாய் சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருக்கும், அப்புறம் திடீரென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டே வந்தால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே வால்வே இல்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும், அப்படியானால் கீழ்க்குழாயைப் பாருங்கள். கையையும் துணியையும் ஃபேனிலிருந்து தள்ளி வையுங்கள், எலக்ட்ரிக் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஓபிடி புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள், காரில் செருகினால் கூலண்ட்டின் வெப்பநிலையைப் போனில் காட்டும். ஹீட்டருக்காக வாங்குகிற வேறு எந்தக் கருவியையும்விட இதுதான் காசுக்குத் தகுந்தது என்பேன். காலை ஆறு மணிக்கு மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது என் கூலண்ட் 70 டிகிரியைத் தாண்டவே இல்லை. சிக்னலில் நின்றதும் ஏறியது. ஓடும்போது கூலண்ட்டின் சூடு இறங்கி, நிற்கும்போது ஏறினால், தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை.

மாற்றுவது

புதிய தெர்மோஸ்டாட்டும் அதன் ரப்பர் வளையமும் எனக்கு 620 ரூபாய் ஆனது. இதைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்காதீர்கள். அங்கே கதவுக் கண்ணாடி, பம்பர் எல்லாம் தாராளமாக வாங்கலாம், தெர்மோஸ்டாட்டைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். புதியதையும் சோதித்துவிட்டுப் போடுங்கள். சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துக் கொதிக்கவிடுங்கள். வால்வின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும், அந்த டிகிரிக்கு அருகில் அது திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

பழைய கூலண்ட்டை ஒரு வாளியில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும், தெருநாய்களும் பூனைகளும் நக்கினால் செத்துப்போகும். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். வால்வு இருக்கும் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி (என் காரில் 10ஆம் நம்பர் ஸ்பானர்), பழைய பிசிறைச் சுரண்டி, புதியதை வையுங்கள். வால்வின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால் அது பொதுவாக மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

கோரும் அடைத்திருந்தால் இதே சமயத்தில் கழுவிவிடுங்கள். இரண்டு ஹீட்டர் குழாய்களையும் கழற்றி, கூலண்ட் வெளியே வரும் பக்கத்திலிருந்து தண்ணீரை எதிர்த்திசையில் விடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தமே போதும், கார் கழுவும் பிரஷர் மோட்டாரைக் காட்டினால் கோர் வெடிக்கும். கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு முடியுங்கள். ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள்தூள் போடும் பழக்கம் இருக்கிறதே, தயவுசெய்து வேண்டாம், அது ஓட்டையை அடைப்பதற்கு முன் கோரை அடைத்துவிடும்.

கூலண்ட் விஷயத்தில், கலந்தே விற்கும் ரெடிமிக்ஸை வாங்குங்கள். காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையாகப் பாருங்கள், பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் தண்ணீரோடு மலையேறுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று எடுப்பது

என் இரண்டாவது ஞாயிறு வீணானது இங்கேதான். வால்வு போட்டாயிற்று, கூலண்ட் ஊற்றியாயிற்று, ஹீட்டர் முன்பைவிட மோசம், சுத்தமாகக் குளிர். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருந்தது. காரின் மூக்கு உயரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ரேடியேட்டர் மூடி வழியாகக் காற்று வெளியேறும். எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க வாசலை உயர்த்திச் சரிவு போட்டிருக்கிறோம், முன்சக்கரங்களை அதில் ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், புளோயர் குறைந்த வேகம். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து புனல் வைத்து நிரப்பி, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் வந்துகொண்டே இருக்கும், அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். ஹீட்டர் குழாய்களை நடுநடுவே கையால் அமுக்கி விடுங்கள், ஒவ்வோர் அமுக்குக்கும் குபுக் குபுக்கென்று காற்று வரும். கூலண்ட் பொங்கி வழிய ஆரம்பிப்பதற்குள் மூடிவிடுங்கள். எனக்கு இருபது நிமிடம் ஆனது. அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் முடித்ததுதான் போன முறை செய்த தவறு. மறுநாள் காலையில் மீண்டும் திறந்து பார்த்தால் அரை டம்ளர் குறைந்திருக்கும், நிரப்புங்கள். மூன்று நாள் பாருங்கள்.

முடிந்த பிறகு காற்று வரும் வாயில் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். முன்பு 41 டிகிரி, இப்போது 58. அதே வெளிவட்டச் சாலையில் கூலண்ட் 86க்குக் கீழே இறங்கவில்லை.

பின்னர் சேர்த்தது

கொடுங்கையூர் நண்பர் ஒருவர் எல்லாம் செய்தும் சூடு வரவில்லை என்றார். போய்ப் பார்த்தால் ஹீட்டர் குழாய்கள் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, கோரையே விலக்கிவிட்டிருந்தார்கள். கோர் ஒழுகியபோது முந்தைய உரிமையாளர் செய்த ஏற்பாடு. சென்னையில் ஓடிய பழைய கார் வாங்குகிறவர்கள் பானெட்டைத் திறந்து இதையும் பாருங்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர் ஒருவர், நின்ற இடத்தில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டும் சூடு வரவில்லையே என்று கேட்டார். டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது வெளியேற்றும் சூடு குறைவு, அதனால் நின்ற இடத்தில் ஓடவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள்.

இன்னொருவர் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே தூங்கலாமா என்றார். வேண்டாம். நிற்கும் காரில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரலாம், அதற்கு வாடையே கிடையாது. அறை கிடைக்காவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுங்கள்.