கல்யாண நாளுக்கு சேலத்தில் சொகுசு ஹோட்டல்: காசு வீணாகும் இடங்கள்

ஹோட்டலை முடிவு செய்துவிட்டுத் தேதியைப் பிறகு பார்ப்பதுதான் வழக்கம். சேலத்தில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் எந்த இரவு என்று முடிவு செய்யுங்கள், ஹோட்டல் பெயர் அதற்குப் பிறகு. அதே ரூம், அதே மெத்தை, அதே ஜன்னல்தான், ஆனால் இரவு மாறினால் வாடகை மாறிவிடும்.

கல்யாண நாள் என்பது ஒரு காலத்தில் ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்த நாள். வருடம் எத்தனை போனாலும் அது அநேகமாக அதே தமிழ் மாதத்தில்தான் வந்து நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண நாள் கொண்டாடுகிறவர்கள் குறைவு. வைகாசி, ஆவணி, தை, பங்குனி என்றுதான் வரும். இந்த வருடம் கல்யாணம் வைத்திருப்பவர்களும் அதே மாதத்தில்தான் மண்டபமும் ரூமும் தேடுகிறார்கள். சேலத்துப் பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் பேங்க்வெட் ஹால் உண்டு. ஒரு ரிசப்ஷன் நடந்தால் இரண்டு வீட்டாரும் ரூம்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் நாலைந்து ரூமுக்கு விலை ஏறும். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், ராத்திரி பதினொரு மணிவரை பாட்டுக் கச்சேரி, காலையில் இட்லி தட்டுக்கு வரிசை. பதினைந்தாயிரம் கொடுத்துத் தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த கதையாகிவிடும்.

எனவே ஹோட்டல் புக்கிங் ஆப்பைத் திறக்கும் முன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். முகூர்த்த நாளைவிட அதற்கு முந்தைய மாலைதான் மோசம், ரிசப்ஷன் நடப்பது அன்றுதான். கல்யாண நாள் அப்படியொரு மாலையில் விழுந்தால் இரண்டு நாள் முன்னே பின்னே தங்குங்கள். கோயிலுக்கும் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கவும் அந்தத் தேதியையே வைத்துக்கொள்ளலாம், ஹோட்டலுக்கு அந்தப் பிடிவாதம் வேண்டாம்.

அடுத்தது கிழமை. சேலம் வியாபார ஊர். இரும்பாலை, ஜவுளி, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி என்று வேலையாக வருகிறவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை டவுன் ஹோட்டல்களை நிரப்புகிறார்கள். ஏற்காடு இதற்கு நேர்மாறு, வெள்ளியும் சனியும் நிரம்பி ஞாயிறு மதியம் காலியாகிவிடும். இரண்டு இடத்திலும் கூட்டம் குறைந்திருக்கும் ஒரே இரவு ஞாயிறு. திங்கள் ஒரு நாள் லீவு போட முடிந்தால் வாடகை குறைவது மட்டுமல்ல, பெரிய ரூமுக்கு மாற்றித் தரவும் மதியம் ஒரு மணிவரை கூடுதலாக இருக்க விடவும் ஹோட்டலில் எளிதாகச் சம்மதிப்பார்கள். காலி ரூம் இருக்கும்போது தாராளம் தானாக வரும்.

ஏற்காட்டுக்கு இன்னொரு காலண்டரும் பார்க்க வேண்டும்: கர்நாடகா காலண்டர். பெங்களூரு சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், நான்கு வழிச்சாலையில் நாலு மணி நேரம். அங்கே நீண்ட வார இறுதி என்றால் இங்கே ரூம் கிடைக்காது. நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம், நமக்கு அது சாதாரண நாள், மலைமேல் அப்படியல்ல. மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி வாரத்தில் சிக்கனம் என்ற பேச்சையே மறந்துவிடலாம்.

7,500 என்ற கோடு

இரண்டாவது பெரிய ஓட்டை வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவு வாடகை ரூ.7,500 வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். முன்பு கீழ்த்தட்டு 12 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ரூ.7,400 வாடகைக்கு வரியோடு 7,770. ரூ.7,600 வாடகைக்கு வரியோடு 8,968. வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், கையை விட்டுப் போவது 1,198. சனிக்கிழமை 8,500, ஞாயிறு 6,000 என்று வைத்துக்கொண்டால் வரியோடு அது 10,030-க்கும் 6,300-க்கும் உள்ள வித்தியாசம். ஆப்பில் முதலில் தெரியும் பெரிய எழுத்து விலை பெரும்பாலும் வரி சேராதது. பணம் கட்டும் கடைசிப் பக்கம்வரை போய் அங்கே நிற்கும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

7,500-ஐ ஒட்டி ரூம் எடுக்கிறவர்கள் செய்யும் தவறு, குழந்தைக்காகக் கடைசி நேரத்தில் எக்ஸ்ட்ரா பெட் கேட்பது. அந்தக் கட்டணமும் ரூம் வாடகையோடு சேர்ந்துதான் கணக்காகும். 7,200 ரூபாய் ரூமில் ஒரு மெத்தை 1,000 ரூபாய்க்கு வந்தால் 8,200 முழுவதற்கும் 18 சதவீதம் விழும். எத்தனை வயதுவரை தனி மெத்தை இல்லாமல் இலவசம் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஹோட்டலுக்கு ஹோட்டல் இது மாறும்.

ரெஸ்டாரண்டிலும் இதே கோடு வேறு வடிவில் வரும். முந்தைய நிதியாண்டில் ஒரு ரூமையாவது 7,500-க்கு மேல் விட்ட ஹோட்டல் என்றால் சாப்பாட்டு பில்லுக்கு 18 சதவீதம், இல்லாவிட்டால் 5. நீங்கள் எடுத்தது 5,000 ரூபாய் ரூமாக இருந்தாலும் ஹோட்டலில் ஒரு சூட் 12,000-க்குப் போயிருந்தால் உங்கள் தோசைக்கும் 18 சதவீதம்தான். 3,000 ரூபாய் டின்னருக்கு 540 வரி. அதன்மேல் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தால், அது அரசு வரியல்ல, ஹோட்டல் சேர்த்தது. அதைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மேலா, கீழா?

ஏற்காடு என்றதும் மலைமேல்தான் தங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், காரில் ஒரு மணி நேரம். ஒரே தொகைக்குக் கீழே கிடைக்கும் ரூமும் வசதியும் மேலே வார இறுதியில் கிடைப்பதில்லை. சொகுசுதான் நோக்கம் என்றால் டவுனில் நல்ல ஹோட்டலில் தங்கி, விடிகாலையில் மேலே ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். பனிமூட்டத்தில் அந்த வளைவுகளில் இறங்குவது கல்யாண நாளுக்கு ஏற்ற விளையாட்டல்ல. சித்திரை, வைகாசியில் மட்டும் கணக்கு மாறும். கீழே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது 1,500 மீட்டர் உயரத்துக் காற்றுக்காகவே பணம் கொடுக்கலாம்.

மேலே தங்குவதாக இருந்தால் இரண்டு விஷயத்துக்குக் கூடுதல் பணம் தரும் முன் யோசியுங்கள். ஒன்று, பள்ளத்தாக்கு பார்த்த ரூம். மழைக் காலத்தில் மூடுபனி வந்து உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியதுபோல்தான் இருக்கும். ஜனவரி முதல் மே வரை அந்தக் காசுக்கு அர்த்தமுண்டு. இரண்டு, நீச்சல் குளம். மார்கழிக் குளிரில் வெந்நீர்க் குளமாக இல்லாவிட்டால் காலை வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள். அங்கே பணத்துக்குத் தகுந்தவை வேறு: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வெந்நீர், கரண்ட் போனால் ஜெனரேட்டரில் கீசரும் ஓடுமா, கார்த்திகை மாதத்தில் சுவரில் ஈரவாடை அடிக்குமா, வாடகைக் கார் டிரைவர் படுக்க இடம் உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள் இரவு ஒன்பது மணிக்கு டிரைவருக்கு ரூம் தேடி அலைவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற மலிவு விலையை மட்டும் தொடாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. பாதை மூடினாலும் முன்பணம் போனது போனதுதான். குப்பனூர் வழி மாற்றுப் பாதை இருக்கிறது என்றாலும் அந்த மழையில் அதில் ஏறுவதும் புத்திசாலித்தனமல்ல. 24 அல்லது 48 மணி நேரம் முன்புவரை ரத்து செய்ய அனுமதிக்கும் விலை சில நூறு கூடுதலாக இருக்கும், அந்த மாதங்களில் அதையே எடுங்கள்.

நட்சத்திரமும் ரூமும்

ஆப்பில் தெரியும் நட்சத்திரத்தை நம்பி எடுப்பது பரவலான தவறு. நட்சத்திர அந்தஸ்து தருவது மத்திய சுற்றுலா அமைச்சகம், அது ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். ஆப்பில் இருப்பது பல சமயம் ஹோட்டலே போட்டுக்கொண்டது, அல்லது வாடிக்கையாளர் மதிப்பெண். ‘4.3’ என்பது நாலு நட்சத்திர ஹோட்டல் என்று அர்த்தமல்ல. ஹோட்டல்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் கடைசி மூன்று மாதத்தில் போட்ட படங்களைப் பாருங்கள், அதிலும் குளியலறைப் படங்களை. தரையின் மூலையும் ஷவர் குழாயும் பொய் சொல்லாது.

ஹோட்டல் நல்லதாக இருந்தும் ரூம் தவறாகிப் போவது உண்டு. ஓமலூர் ரோடு, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் என்றால் முன்பக்க ரூமில் லாரி ஹாரன், ஜங்ஷன் பக்கம் என்றால் ரயில். மேல் மாடி, பின்பக்கம், லிஃப்டிலிருந்தும் பேங்க்வெட் ஹாலிலிருந்தும் தள்ளி என்று கேளுங்கள். ‘டீலக்ஸ்’, ‘பிரீமியம்’ என்ற பெயர்களுக்குப் பொதுவான அளவு கிடையாது. எத்தனை சதுர அடி என்று கேட்டு ஒப்பிட்டால்தான் தெரியும். ஒரே பெரிய கட்டில் என்று எழுதாமல் விட்டால் இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப் போட்ட ரூம் கிடைக்கும். கல்யாண நாளன்று நடுவில் பள்ளம் எதற்கு? ‘கிங் பெட்’ என்று எழுத்தில் வாங்குங்கள்.

விலையை ஆப்பில் பார்த்தபின் ஹோட்டலுக்கே போன் செய்யாமல் விடுவதும் நட்டம்தான். ஆப்புக்குப் போகும் கமிஷன் பெரிய தொகை. நேரடியாக எடுப்பவருக்கு வாடகையைக் குறைக்காவிட்டாலும் காலை உணவையோ பெரிய ரூமையோ சேர்த்துத் தர அவர்களுக்கு இடம் இருக்கிறது. ரிசர்வேஷன் பிரிவு ஆள் இருக்கும் பகல் நேரத்தில் பேசுங்கள். இரவு ரிசப்ஷனில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. பேசியதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரே செய்தியாக அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள்: தேதி, ரூம் வகை, கிங் பெட், வரியோடு மொத்தம், என்ன சாப்பாடு சேர்ந்தது, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே.

அலங்காரம், சாப்பாடு

‘ஆனிவர்சரி பேக்கேஜ்’ என்பதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு அரை கிலோ கேக், கட்டிலில் ரோஜா இதழ், பலூன், இரண்டு பேருக்கு கேண்டில் லைட் டின்னர். சேலத்தில் இருந்துகொண்டு பூவுக்கு ஹோட்டல் விலை கொடுப்பது அநியாயம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் காலையில் சம்பங்கியும் சன்னமல்லியும் ரோஜாவும் எடைக்கு வாங்கலாம். ஆனால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சிவப்பு ரோஜா இதழ் நசுங்கினால் வெள்ளை விரிப்பில் கறை விழும், அதற்குக் காசு பிடிப்பார்கள். இதழை மேஜையிலும் தட்டிலும் மட்டும் வையுங்கள், கட்டிலுக்கு மல்லி போதும். மெழுகுவத்தி ரூமுக்குள் ஆகாது, புகை அலாரம் அடித்தால் மாடி முழுக்க எழுந்துவிடும்.

சாப்பாட்டுத் திட்டத்தில் சி.பி. என்றால் காலை உணவு மட்டும். எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை, ஏ.பி. மூன்று வேளையும். டவுனில் தங்குகிறவர் சி.பி.க்கு மேல் போக வேண்டாம். மாலையில் தட்டுவடை செட் சாப்பிட்டு வயிறு நிரம்பிய பிறகு பஃபே டின்னரை யார் தொடுவார்கள்? மலைமேல் ரிசார்ட் ஊரிலிருந்து தள்ளி இருந்தால் எம்.ஏ.பி. நியாயம், இருட்டில் சாப்பாட்டுக்காக வண்டி எடுக்க வேண்டியதில்லை. விடிகாலையில் ஏற்காடு கிளம்புகிறவர்கள் முந்தைய இரவே ‘பார்சல் பிரேக்ஃபாஸ்ட்’ சொல்லி வைக்க வேண்டும். பஃபே ஆரம்பிப்பதே ஏழு மணிக்குத்தான் என்றால், கட்டிய காசு தட்டுக்கு வராது.

இரவு ஒன்பதுக்கு நுழைந்து காலை பத்துக்குக் கிளம்புவதும் வீண். குளமும் ஜிம்மும் மூடிய பிறகு வந்து, திறந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுவீர்கள். செக்-இன் இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு நில்லுங்கள். குளத்தில் சேலை, சுடிதார், பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் நீச்சல் உடை கையில் இருக்கட்டும்.

சேலத்துக்காரர்களே சேலம் ஹோட்டலில் தங்குவதாக இருந்தால், ‘உள்ளூர் ஆதாருக்கு ரூம் தருவீர்களா’ என்று முன்பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். தராத ஹோட்டல்கள் உண்டு, வாசலில் தெரிந்தால் அவமானம்தான் மிச்சம். இரண்டு பேருடைய அடையாள அட்டையும் வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் அது செல்லாது. டெபாசிட் கேட்டால் கிரெடிட் கார்டு கொடுங்கள், தொகையைத் தடுத்து வைத்துவிட்டுப் பிறகு விடுவித்துவிடுவார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் கணக்கிலிருந்தே பணம் போய், திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகலாம். அந்த ஒரு வாரத்துக்குள் வீட்டு வாடகை கட்ட வேண்டிய தேதி வந்துவிடும்.