வாலிபால் அணி பிரிக்கிறீர்களா? முதலில் செட்டர்களைப் பிரியுங்கள்

பொழுதுபோக்குப் போட்டியில் 25-8 என்று தோற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் ஆட மனசே வராது. பெரும்பாலும் அதற்குக் காரணம் அணி பிரித்த விதம்தான்.

கேப்டன்கள் எல்லோர் முன்னாலும் ஆள் எடுக்கும் முறை வேண்டாம். கடைசியில் நிற்பவருக்கு அது பெரிய வருத்தம். பெயர் கொடுக்கும்போதே செட் செய்வாரா (அடிக்க வசதியாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பாரா), ஸ்மாஷ் அடிப்பாரா, சர்வீஸ் எடுப்பாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அணிக்கு ஒரு செட்டர் என்று ஒதுக்குங்கள். பந்தை எதிர்ப்பக்கம் அனுப்புவதற்குள் ஓர் அணிக்குக் கிடைக்கும் மூன்று தொடுகையில் நடுத்தொடுகை அவருடையது. அவர் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல ஸ்மாஷர் இருந்தும் அடிக்கப் பந்து கிடைக்காது.

மற்றவர்களைத் திறமை வரிசையில் எழுதி, பாம்பு வளைவதுபோல் பிரியுங்கள். நான்கு அணி என்றால் முதல் நால்வர் 1, 2, 3, 4-ஆம் அணிகளுக்கு. அடுத்த நால்வர் 4, 3, 2, 1 என்று திரும்பி வர வேண்டும். சேர்ந்தே ஆடுவோம் என்று கேட்கும் நண்பர்களைத் தாராளமாக ஒன்றாக விடுங்கள், ஆனால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

களத்தில் ஆறு பேர்தான், இருந்தாலும் அணிக்கு எட்டு பேர் வையுங்கள். சர்வீஸ் போடும் இடத்துக்குச் சுழன்று வரும்போது ஒருவர் வெளியேற, காத்திருப்பவர் உள்ளே வரட்டும்.