மாற்றுச் சிறுநீரகத்தோடு ஊருக்குப் போகிறீர்களா?

சிறுநீரக மாற்று செய்து முதல் வருடத்தில் இருப்பவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர் பயந்துபோய் இருப்பார், மாத்திரைக்கு மூன்று அலாரம் வைத்திருப்பார், டாக்டர் போகாதே என்றால் போகமாட்டார். எட்டு, பத்து வருடம் ஆனவர்தான் மாட்டிக்கொள்வார். உடம்பு நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் வருடக்கணக்கில் அசையவில்லை, உள்ளே இருப்பது இன்னொருவருடைய சிறுநீரகம் என்பதே பாதி மறந்துவிட்டது, ஒரு மாதம்தானே என்று பெட்டியைக் கட்டிவிடுவார். நானும் அந்த ரகம்தான். எனக்கு மாற்று நடந்து 11 வருடம் ஆகிறது, நான்கு தடவை தாயகம் போய்வந்திருக்கிறேன், அதில் இரண்டு தடவை முழுக்க என் தவறால் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். வெற்றிகரமாக நடந்த மாற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரு வருடம் தாண்டியும் நன்றாக வேலை செய்கின்றன. அதற்குப் பிறகு, உயிரோடு இருப்பவர் கொடுத்தது சுமார் 15 முதல் 20 வருடம், இறந்தவரிடமிருந்து பெற்றது 10 முதல் 15 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். முப்பது வருடம் தாண்டி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பல வருடம் கழித்துச் சிறுநீரகம் போவதற்கான காரணங்கள் சத்தமில்லாதவை. மாத்திரை அடிக்கடி தவறியதால் உடம்பு புதுச் சிறுநீரகத்துக்கு எதிராக மெல்ல மெல்ல உண்டாக்கிக்கொண்ட எதிர்ப்பொருள்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்க நாம் எடுக்கும் டாக்ரோலிமஸ் நீண்ட காலத்தில் சிறுநீரகத்துக்கே செய்யும் சேதம், பழைய நோய் திரும்பி வருவது. இதோடு, சிறுநீரகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பாலோ தொற்றாலோ புற்றுநோயாலோ ஆளே போய்விடுவதும் உண்டு. நிராகரிப்பு, அதாவது உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியமாக நினைத்துத் தாக்குவது, பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல் கூட வராமல் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருப்பது ஒன்றுதான் பல நேரம் அடையாளம். ஆகவே “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்ற பேச்சுக்கு நம் விஷயத்தில் மதிப்பில்லை.

எப்போது போகலாம் என்று கேட்டால், பல மாற்று மையங்கள் முதல் ஒரு வருடம் வெப்பநாடுகளுக்குப் போகவேண்டாம் என்கின்றன, ஏனென்றால் அப்போதுதான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உச்சத்தில் இருக்கும். நிராகரிப்புக்கு அண்மையில் சிகிச்சை எடுத்திருந்தால் பத்து வருடம் ஆனவரும் முதல் வருடக்காரரைப் போலத்தான், அவரும் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், போட்ட பிறகு சொன்னால் அது அனுமதி கேட்பது ஆகாது. புறப்படுவதற்கு ஆறேழு வாரம் முன்பே பேசினால்தான் தடுப்பூசிக்கும் நேரம் கிடைக்கும்.

தடுப்பூசியில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி நமக்கு ஆகாது. தட்டம்மை முதலியவற்றுக்கான எம்எம்ஆர், மஞ்சள் காய்ச்சல், காசநோய்க்கான பிசிஜி, வாயால் விழுங்கும் டைபாய்டு மாத்திரை, இப்போது புதிதாக வந்திருக்கும் டெங்கு தடுப்பூசி எல்லாம் இதில் அடங்கும். ஹெபடைட்டிஸ் ஏ, ஊசியாகப் போடும் டைபாய்டு, ஃப்ளூ ஊசி எல்லாம் போடலாம், ஆனால் மற்றவர்களுக்கு வேலை செய்யும் அளவுக்கு நமக்கு வேலை செய்யாது. போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைக்க வழியில்லை.

மருந்து விஷயத்துக்கு வருவோம். இருக்கப்போகும் நாள்களைப் போல இரண்டு மடங்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கைப்பையில், கடையில் தந்த பெட்டியோடு. பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் அது வேறு ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வரும், அந்த மூன்று நாளும் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு இருப்பீர்கள். கூடப் பயணம் செய்பவர் இருந்தால் பாதியை அவர் கைப்பையில் வையுங்கள். “அங்கே எல்லாம் கிடைக்குமே, மலிவாகவும் இருக்குமே” என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கும்தான். ஆனால் டாக்ரோலிமஸ் ரொம்பச் சின்ன இடைவெளியில் வேலை செய்கிற மருந்து. கொஞ்சம் குறைந்தால் நிராகரிப்பு, கொஞ்சம் கூடினால் கை நடுக்கமும் சிறுநீரகச் சேதமும். நாளுக்கு இரண்டு வேளை எடுப்பது வேறு, ஒரு வேளை மட்டும் எடுக்கும் நீடித்த வெளியீட்டு மாத்திரை வேறு, பெயர் ஒன்றாக இருப்பதால் மாற்றிக் கொடுத்து விபரீதமானதெல்லாம் உண்டு. இதனால்தான் பிரிட்டனில் 2012இலிருந்து இந்த மருந்தைப் பிராண்டு பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறார்கள். வழியில்லாமல் வாங்க நேர்ந்தால் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள், சில நாளில் லெவல், அதாவது இரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று, எடுத்துப் பாருங்கள்.

நேர வித்தியாசத்தைப் பற்றிக் குழம்புபவர்கள் நிறைய. விமானத்தில் புறப்பட்ட ஊரின் நேரத்தையே கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு 12 மணி நேர இடைவெளியில் எடுத்துவிடுங்கள். இறங்கிய பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரமாக நகர்த்தி ஊர் நேரத்துக்குக் கொண்டுவரலாம். உங்கள் மையம் வேறு முறை சொன்னால் அதுதான் சரி.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வருடம் மாற்று, யார் கொடுத்தது, இப்போதைய கிரியேட்டினின் எவ்வளவு, டாக்ரோலிமஸ் லெவல் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், எல்லா மருந்துகளின் வேதிப்பெயரும் அளவும் அதில் இருக்க வேண்டும். பிராண்டு பெயர் மட்டும் எழுதினால் வேறு நாட்டு டாக்டருக்குப் புரியாது. புதுச் சிறுநீரகம் அடிவயிற்றில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழையவை இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை, அவை முதுகுப்பக்கம் சுருங்கிக் கிடக்கும். ஸ்கேன் எடுப்பவர் அவற்றை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று எழுதிக்கொடுத்து ஒரு குடும்பத்தையே அழவைத்த கதை எனக்குத் தெரியும். டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா என்ற இரத்தக்குழாய் இணைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கையில் ஊசியும் வேண்டாம், பிரஷரும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான இடம், வயிறு. நாம் ஊர் போய்ப் படுப்பது பல தடவை வயிற்றுப்போக்கால்தான். மற்றவர்களுக்கு அது இரண்டு நாள் தொல்லை, நமக்கு வேறு கணக்கு. டாக்ரோலிமஸில் ஒரு பகுதி குடல் சுவரிலேயே சிதைந்துவிடும், அதனால்தான் இரத்தத்தில் அளவாகச் சேர்கிறது. வயிற்றுப்போக்கில் குடல் புண்ணாகும்போது அந்த வடிகட்டல் நின்றுபோய், அதே மாத்திரை இரண்டு மடங்கு எடுத்தது போல லெவலை ஏற்றிவிடும். இன்னொரு பக்கம் உடம்பில் நீர் வற்றுகிறது. பிரஷருக்கு ராமிப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரை எடுப்பவர் என்றால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரே இரவில் நெருக்கிவிடும். என் முதல் சறுக்கல் இதுதான். விருந்தினர் வீட்டில் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா என்று கூச்சப்பட்டு மூன்று நாள் பொறுத்தேன், கிரியேட்டினின் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆன பிறகுதான் போனேன். நல்லவேளை, சலைன் ஏற்றியதும் இறங்கியது. உப்பு சர்க்கரைக் கரைசலை முதல் நாளே குடிக்கத் தொடங்குங்கள், ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ மாத்திரையையே வாந்தி எடுத்தாலோ லெவலும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். நிராகரிப்பைத் தடுக்க எடுக்கும் மைக்கோபினோலேட்டே வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்பது தெரிந்தவர்கள் தாமாகவே அதை நிறுத்திவிடுவார்கள், அது இன்னும் பெரிய வம்பு. ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தினால் ஆளே மயங்கி விழலாம்.

இரண்டாவது சறுக்கல் பரிசோதனைக்கூடத்தில். டாக்ரோலிமஸ் லெவல், காலை மாத்திரை எடுப்பதற்கு முன்பு எடுக்க வேண்டிய இரத்தம். நான் பழக்க தோஷத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்க் கையை நீட்டினேன், அவர்களும் கேட்கவில்லை. ஏகத்துக்கு ஏறிய லெவலைப் பார்த்த டாக்டர் அளவைக் குறைத்தார், பத்து நாள் குறைந்த மருந்தோடு திரிந்தேன்.

மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பவைதான் ஆபத்தானவை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் போதும். தொண்டைக்கு என்று கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ, பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோலோ எழுதினால் டாக்ரோலிமஸ் லெவல் எகிறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடோயினும் அதை அடியோடு இறக்கும். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாசும் ஏற்றும் வகை. அப்புறம், “எதிர்ப்புச் சக்தி கூட்டும்” நாட்டு மருந்தை அன்போடு கொண்டுவந்து நீட்டுவார்கள். காசு கொடுத்து அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தியை ஏன் கூட்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

கொசுக்கடியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இலங்கை 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது, இந்தியாவில் இன்னும் இருக்கிறது, டெங்கு இரண்டு இடத்திலும் உண்டு. டீட் கலந்த களிம்பு பூசலாம். பலருக்குத் தெரியாதது மண். வெறுங்காலோடு நடப்பதால் தோல் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு முப்பது, நாற்பது வருடம் கூட வாழும். சின்ன வயதில் ஊரில் ஓடியாடியவருக்கு அது இன்னும் இருக்கலாம். ஸ்டீராய்டு எடுக்கும் உடம்பில் அது கட்டுக்கடங்காமல் பெருகினால் உயிருக்கே உலை. இரத்தத்தில் கண்டுபிடிக்கலாம், ஐவர்மெக்டினால் தீர்க்கலாம், மாற்றுக்கு முன் பார்க்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள். மழைக்காலச் சேற்றில் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கும், அதற்குச் சர்க்கரைக்காரர்களும் சிறுநீரகக்காரர்களும்தான் முதல் இலக்கு. நம்மில் பலருக்கு டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரையையும் கொடுத்திருக்கும். சேற்றில் கால் வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால் பூட்ஸ் போடுங்கள்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால் நமக்குப் புற்றுநோய்ப் பயம் கூடுதல். நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது என்பது பாதி உண்மை. வெள்ளையரை விடக் குறைவு, ஆனால் வெயில் படாத இடத்திலும் வரலாம். ஆறாத புண், கழுத்தில் கட்டி, இரவில் வேர்த்துக்கொட்டுவது எதையும் திரும்பி வந்து காட்டலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

38 டிகிரி காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும், அதனால் காய்ச்சல் இல்லாமல் ஆள் சோர்ந்துபோனாலும் அதே கணக்கு. காப்பீடு எடுக்கும்போது மாற்று நடந்ததை மறைக்காதீர்கள், மறைத்தால் பணம் தராததற்கு அவர்களுக்கு நீங்களே காரணம் எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

திரும்பியதும் ஒரு வாரத்துக்குள் இரத்தம் கொடுங்கள், காலை மாத்திரைக்கு முன்பு. அதற்குப் பிறகும் பல மாதம் கழித்துக் காய்ச்சலோ, வாரக்கணக்கில் இருமலோ, உடல் மெலிவோ வந்தால் ஊருக்குப் போய்வந்தேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். காசநோயும் மெலியாய்டோசிஸும் பல மாதம் கழித்தும் தலை காட்டலாம், அவற்றை ஒரு தடவை கூட நேரில் பார்த்திராத டாக்டர் தாமாக நினைத்துக் கேட்கமாட்டார்.